துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடும், காசு போட்டு ஆடும் பழைய இயந்திர ஆர்கேடு விளையாட்டுகள் மறுபடி வருமா?

வரும். ஆனால் பழைய உடம்போடு வராது என்பது என் கணிப்பு.

ஒருமுறை இந்த வகை இயந்திரம் ஒன்றைப் பழுது பார்க்கத் திறந்து வைத்திருந்தபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். திரை என்று எதுவும் கிடையாது. ஒரு மோட்டார், சங்கிலியில் வரிசையாகத் தகர வாத்துகள், சுவர் முழுக்க ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள். துப்பாக்கியிலிருந்து குண்டும் வருவதில்லை, ஒளியும் வருவதில்லை! நாம் அதைத் திருப்பும்போது அடியில் ஒரு கம்பி தட்டின் மேல் நகர்கிறது. வாத்தோடு சேர்ந்து இன்னொரு தொடுமுனையும் நகர்கிறது. விசையை இழுக்கும் நேரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் மின்சுற்று முழுமையாகி, சொலினாய்டு என்ற மின்காந்தம் வாத்தைச் சாய்த்துவிடுகிறது. 'டக்' என்று அது விழும் சத்தம் இருக்கிறதே, அதற்காகத்தான் காசு போடுகிறோம்.

எல்லா இயந்திரமும் இப்படியல்ல. 1936-இல் வந்த சீபர்க் நிறுவனத்தின் ரே-ஓ-லைட் இயந்திரத்தில் துப்பாக்கி ஒளியை வீசும். வாத்தில் இருக்கும் ஒளி உணரி அதைப் பிடித்துக்கொள்ளும். 1960-களில் சேகா நிறுவனத்தின் பெரிஸ்கோப் என்ற கப்பல் சுடும் இயந்திரம் பெரிய வெற்றி பெற்றது. அப்புறம் வீடியோ கேம்கள் வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டின. வேடிக்கை என்னவென்றால், பழைய டிவிக்காகச் செய்த வீடியோ துப்பாக்கிகள் எல்சிடி திரையில் வேலை செய்யாமல் போய்விட்டன. தகர வாத்துக்கு அந்தக் கவலையே இல்லை.

சாய்ந்த மேசையில் பந்தைத் துடுப்புகளால் தட்டி ஆடும் பின்பால் மறுபடி பிரபலமானதைப் பலரும் உதாரணம் காட்டுகிறார்கள். பாதி சரி. பின்பால் இயந்திரங்கள் இன்றும் புதிதாகத் தயாராவதால் சொலினாய்டு, சுருள் எல்லாம் கிடைக்கின்றன. ஆனால் பின்பாலில் பந்து ஒருமுறை போன வழியில் மறுமுறை போகாது. இங்கே அதே வாத்து, அதே சுற்று. பத்து நிமிடத்தில் கை பழகிவிடும். பராமரிப்புச் செலவைவிட இந்தச் சலிப்புதான் பெரிய தடை என்று நினைக்கிறேன்.

அதனால் ரிலேக்களைத் தூக்கிவிட்டு மைக்ரோகண்ட்ரோலர் என்ற ஒரு சின்னக் கணினிச் சில்லை வைக்கலாம். எந்த வாத்து எப்போது எழும், எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பதை ஒவ்வோர் ஆட்டத்திலும் மாற்றலாம். துப்பாக்கிக்கு அகச்சிவப்பு ஒளி போதும். வாத்து மட்டும் தகரமாகவே இருக்கட்டும். அது விழுவதற்குப் பதில் ஒரு எல்இடி மினுங்கினால் நான் காசு போட மாட்டேன்.