ஈர்ப்பலைக் கருவியின் ஆடி எந்தப் பொருளால் ஆனது என்பது ஏன் முக்கியம்?

ஒளியைத் திருப்பி அனுப்புவது மட்டுமே ஆடியின் வேலை என்றால், கால-வெளியில் பரவும் நுண் அதிர்வுகளான ஈர்ப்பலைகளைக் கண்டறியும் கருவியில் அது எந்தப் பொருளால் ஆனது என்பதில் ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் பல ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். மாணவர்களுக்குச் சொல்வதைப் போலவே கோயில் மணியிலிருந்து தொடங்குகிறேன்.

நல்ல வெண்கல மணியை ஒருமுறை அடித்தால் கார்வை நெடுநேரம் நிற்கும். கீறல் விழுந்த மணியோ உடனே அடங்கிவிடும். அதிர்வின் ஆற்றலைப் பொருளின் உள் உராய்வு எவ்வளவு விரைவாகத் தின்கிறது என்பதே வேறுபாடு. ஆடியும் ஒரு மணிதான். அதை யாரும் அடிப்பதில்லை. வெப்பமே அதன் அணுக்களை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே நுட்பமான செய்தி ஒன்று உண்டு: அந்த ஆட்டத்தின் மொத்த ஆற்றலை வெப்பநிலை தீர்மானிக்கிறது, ஆனால் அது எந்தெந்த அதிர்வெண்களில் பரவிக் கிடக்கும் என்பதை உள் உராய்வு தீர்மானிக்கிறது. உராய்வு குறைந்த பொருளில் ஆட்டம் முழுவதும் ஆடியின் சொந்தச் சுருதிகளில் ஒடுங்கிவிட, மற்ற இடங்கள் அமைதியாகின்றன. அமெரிக்காவின் லைகோ ஈர்ப்பலைக் கருவியிலுள்ள ஆடிகளின் சொந்தச் சுருதிகள் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கின்றன. கருவி கூர்ந்து கேட்பதோ 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில். 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான முதல் ஈர்ப்பலை, லேசர் ஒளி ஆடிகளுக்கிடையே சென்றுவரும் 4 கிலோமீட்டர் கைகளின் நீளத்தில் ஏற்படுத்திய வேறுபாடு புரோட்டான் விட்டத்தின் ஆயிரத்தில் இரண்டொரு பங்குதான் என்பதால், அந்த அமைதி இல்லாமல் எதுவும் கேட்டிருக்காது. ஆகவேதான் 40 கிலோ எடையுள்ள உள் உராய்வு மிகக் குறைந்த தூய சிலிக்காக் கண்ணாடியாலான ஆடிகளை, எஃகுக் கம்பியில் அல்லாமல், 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்கா இழைகளிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஆனால் உண்மையான தொல்லை அந்த 40 கிலோவில் இல்லை. சிலிக்கா ஒளியை ஊடுருவ விடும் பொருள். அதை ஆடியாக்குவது மேலே மாறி மாறிப் படிய வைத்த சிலிக்கா, டான்டலம் ஆக்சைடு அடுக்குகள். மொத்தத்தில் சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள இப்பூச்சின் உள் உராய்வு, அடியிலுள்ள சிலிக்காவைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். செட்டிநாட்டு வீட்டுச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், நம் கை தடவி உணர்வது முட்டை வெள்ளைக்கரு கலந்த கடைசிச் சுண்ணாம்புப் பூச்சைத்தான் அல்லவா? லேசர் ஒளியும் அப்படியே, பூச்சின் நடுக்கத்தையே முதலில் படிக்கிறது. டான்டலம் ஆக்சைடில் டைட்டானியம் ஆக்சைடைக் கலந்ததும் உராய்வு கணிசமாகக் குறைந்தது. இத்துறையின் மிக அழகான பொருளறிவியல் வெற்றிகளில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

குளிர்வித்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். குளிரில் சிலிக்காவின் உராய்வு கூடிவிடுகிறது. அதனால் ஜப்பானின் காக்ரா கருவி, ஏறத்தாழ 20 கெல்வினுக்குக் குளிர்விப்பதற்கென நீலக்கல் ஆடிகளைத் தேர்ந்தெடுத்தது. ஐரோப்பாவில் திட்டமிடப்படும் ஐன்ஸ்டைன் தொலைநோக்கி என்னும் ஈர்ப்பலைக் கருவிக்கு, சிலிக்காவிலிருந்து வேறான சிலிக்கான் படிகம் பேசப்படுகிறது. இப்போதைய கருவிகள் பயன்படுத்தும் 1064 நானோமீட்டர் லேசர் ஒளியைச் சிலிக்கான் விழுங்கிவிடும் என்பதால், ஆடியை மாற்றினால் லேசரையும் மாற்றியாக வேண்டும்.

புதிய பூச்சு ஒன்றைச் சோதிப்பவர்கள், அதைப் பூசிய வட்டத் தகட்டை வெற்றிடத்தில் மெல்ல அதிரச் செய்து, கார்வை அடங்க எவ்வளவு நேரமாகிறது என்றே அளக்கிறார்கள்.