ஏஜென்ட் பிடித்துத் தரும் சீட்டா, கவுன்சலிங்கா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் கணிதம் 88, இயற்பியல் 82, வேதியியல் 79 எடுத்திருக்கிறாள். பொறியியல் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்துவிட்டோம். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறாள். இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர், சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் இடம் இருக்கிறது, நூறு சதவீதம் வேலை நிச்சயம் என்கிறார். ஐம்பதாயிரம் முன்பணமும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கேட்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் இவள்தான். என்ன செய்யலாம்?
(தேவகோட்டையிலிருந்து ஒரு தந்தை)

பதில்: ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுக்காதீர்கள். சேர்க்கைக்காக ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதியே இருக்கிறது. குறித்த தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் விதி உண்டு. ஆனால் அது கல்லூரியில் ரசீதோடு கட்டிய பணத்துக்கு. தெரிந்தவர் கையில் கொடுத்த பணத்துக்கு எந்த விதியும் துணைக்கு வராது.

இன்னொன்று, முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கவுன்சலிங்கில் சேர்ந்தால்தான் கிடைக்கும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிடையாது. நாலு வருடத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை.

சரி, கல்லூரிக்கு வருவோம். கல்லூரி தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை விட்டுவிடுங்கள். அரசுக்கு என்ன எழுதிக் கொடுத்தது என்று பாருங்கள். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், மத்திய அரசுக்குக் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். 'என்.ஐ.ஆர்.எஃப்.' என்ற தலைப்பில், பெரும்பாலும் கண்ணில் படாத ஒரு மூலையில், பி.டி.எஃப். ஆக இருக்கும். அதில் பிளேஸ்மென்ட் அட்டவணைக்குப் போங்கள். எத்தனை பேர் முதலாண்டில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நாலு வருடத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், மீடியன் சம்பளம் என்ன என்று வரிசையாக இருக்கும்.

ஒரு பேச்சுக்கு, 240 பேர் சேர்ந்து 180 பேர் முடித்து 90 பேருக்கு வேலை என்று வைத்துக்கொள்வோம். பேனரில் இது எப்படியோ நூறு சதவீதம் ஆகிவிடும். 'தகுதியுள்ள மாணவர்களில்' என்று பொடி எழுத்தில் ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். சேர்ந்த 240 பேரில் முடிக்காத அந்த 60 பேரைப் பற்றித்தான் நீங்கள் கேட்க வேண்டும். அப்புறம் மீடியன். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது அது. பிளெக்ஸில் போட்டோ போடும் 20 லட்ச ரூபாய் மாணவர் ஒருவரால் அது ஏறாது. இந்த அட்டவணை துறைவாரியாக இருக்காது, கல்லூரி முழுவதற்கும் சேர்த்துத்தான். ஆனாலும் இதைவிட நேர்மையான காகிதம் உங்கள் கைக்குச் சுலபமாகக் கிடைக்காது. இணையதளத்தில் அது இல்லவே இல்லை என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை செமஸ்டர் வாரியாக வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். ஆட்டானமஸ் கல்லூரிகளை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே கேள்வித்தாளும் திருத்தலும் அவர்களே என்பதால் ஒப்பிட முடியாது.

நாக் என்ற மதிப்பீட்டு அமைப்பு தரும் ஏ பிளஸ் என்பது கல்லூரி முழுவதற்கும் கிடைத்த தரம். துறைக்குத் துறை கொடுப்பது என்.பி.ஏ. என்ற வேறோர் அமைப்பின் அங்கீகாரம். இரண்டு பேட்ச் படித்து வெளியே போகாத துறை அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. அந்த ஏ.ஐ. டேட்டா சயின்ஸ் துறை எந்த வருடம் தொடங்கியது என்று கேளுங்கள், பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிப் பாதி, ஆசிரியர் எண்ணிக்கை. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-25இல் தளர்த்தியது. நிறைய இடங்களில் கம்ப்யூட்டர் வகையறா செக்‌ஷன்கள் கூடிவிட்டன. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. ஆனால் ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரமாகக் காட்டப்பட்டதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2024இல் வெளிக்கொண்டுவந்தது நினைவிருக்கும். ஆகவே பட்டியலில் உள்ள பெயர்கள் உண்மையில் வகுப்புக்கு வருகிறார்களா என்று மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அதற்கு ஒரு வேலைநாளில் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அலுவலகத்தில் காபி கொடுத்து உட்கார வைப்பார்கள், குடித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கல்லூரி பஸ் நிற்கும் இடத்தில் மூன்றாம் ஆண்டு மாணவிகள் இருப்பார்கள். உங்களைவிட உங்கள் மகள் கேட்டால் மனம்விட்டுச் சொல்வார்கள். வகுப்பில் எத்தனை பேருக்கு அரியர், லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர், சீனியர்களுக்கு வந்த ஆஃபரில் எத்தனை பேர் உண்மையில் வேலைக்குச் சேர்ந்தார்கள்? இந்த மூன்றும் போதும்.

கட்-ஆஃபில் கணித மார்க் முழுதாகவும் இயற்பியல், வேதியியல் மார்க் பாதியாகவும் சேரும். உங்கள் மகளின் கட்-ஆஃப் 88 + 41 + 39.5, ஆக 168.5. சென்ற ஆண்டு இந்த மார்க்குக்கு எது கிடைத்தது என்று பார்ப்பதைவிட ரேங்கை வைத்துப் பாருங்கள். வினாத்தாள் எளிதாக இருந்த வருடத்தில் எல்லோருடைய கட்-ஆஃபும் ஏறிவிடும், ரேங்க் அப்படி ஏமாற்றாது. உங்கள் சமூகப் பிரிவில் எந்த ரேங்க் வரை போயிருக்கிறது என்பதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதியும் சாய்ஸ் ஃபில்லிங்கில் பலர் செய்யும் தவறு, கிடைக்காது என்று பயந்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ளுவது. கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்துதான் பார்த்துக்கொண்டு வரும். கிடைக்காததை முதலில் போட்டதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. எட்டாது என்று தோன்றுவதையும் மேலே தாராளமாகப் போடுங்கள், கிடைக்கும் என்று நம்புவதை நடுவில், கடைசியில் இதாவது கிடைக்கட்டும் என்பவை. சேர்ந்தால் வருத்தப்படுவீர்கள் என்ற கல்லூரியைப் போடவே போடாதீர்கள், அதுவே ஒதுக்கீடாகி வந்து நிற்கும். ஒதுக்கீடு வந்த பிறகும், அதை ஏற்றுக்கொண்டு பட்டியலில் அதற்கு மேலே உள்ளதற்குக் காத்திருக்கும் வழி இருக்கிறது. ஆனால் மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழையது போய்விடும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும்தானா? பெயருக்கு நடக்கும் கல்லூரியில் ஏ.ஐ. படிப்பதைவிட, காரைக்குடி மாதிரியான அரசுப் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்தால் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஐ.டி. கம்பெனிகள் பலவும் அந்த மாணவர்களையும் எடுக்கின்றன, கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் மகளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கொஞ்சமும் பிடிக்காது என்றால் வற்புறுத்தாதீர்கள், அரியர் விழும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். முதல் பட்டதாரி சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பியுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று ஒவ்வொரு மேசையாகத் தாண்டி வர நாளாகும்.