சித்தாள் வேலை எளிதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். எங்கள் வீட்டில் மாடி எடுக்கும் வேலை நடக்கிறது. கல்லும் கலவையும் சுமக்கும் பெண்கள் மாலை ஐந்தரைக்குக் கைகால் கழுவிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். நானோ இரவு பதினொரு மணிக்கும் அலுவலக நினைப்பிலேயே கிடக்கிறேன். உடல் அலுப்பு தூங்கினால் போய்விடும், மன அழுத்தம் போவதில்லை. படிப்பும் பொறுப்பும் தேவைப்படாத எளிய வேலை என்பதால்தானே அவர்களுக்குக் கூலி குறைவு?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் களைப்பு உண்மையானது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு வேலையில் சேர்வது எளிது என்பதாலேயே அதைச் செய்வதும் எளிது என்று ஆகிவிடாது.

ஒரு செங்கல் ஏறக்குறைய மூன்று கிலோ இருக்கும். சும்மாட்டின் மேல் பத்துக் கல் அடுக்கினால் முப்பது கிலோ. அதைச் சுமந்தபடி, கைப்பிடி வைக்காத படியில் ஏறி, கொத்தனாரின் கை நிற்பதற்குள் இறக்கிவிட்டு, உடனே சாந்துச் சட்டிக்குத் திரும்ப வேண்டும். நாள் முழுவதும் இதுதான். சிறு வீடுகள் கட்டும் இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இருப்பது அரிது என்பதால், வெயிலிலும் அவர்கள் தண்ணீரைக் குறைத்தே குடிக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் சுமந்து வந்த கழுத்து வலியும் முட்டி வலியும் தூங்கி எழுந்தால் போகிறவை அல்ல. நாளை வேலை உண்டா, மழை பிடித்துக்கொண்டால் வாரத் தவணையை எப்படிக் கட்டுவது என்ற கவலைகளோடு வீட்டுக்குப் போய் உலை வைக்கிறவரின் மனத்தில் பாரமில்லை என்று எதைக் கொண்டு சொல்கிறீர்கள்?

கடினமான வேலைக்குக் கூலி கூடும் என்பது பழைய நம்பிக்கை. 1776-இல் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் கூலி வேறுபாட்டுக்கான காரணங்களில் அதையும் ஒன்றாகச் சேர்த்தார். 1848-இல் இன்னொரு பொருளியல் அறிஞரான ஜான் ஸ்டூவர்ட் மில் அதை மறுத்து, உண்மையிலேயே உடலை முறிக்கும் வேலைகளுக்குத்தான் பெரும்பாலும் மிகக் குறைந்த கூலி கிடைக்கிறது, வேறு வழியில்லாதவர்களே அவற்றைச் செய்கிறார்கள் என்பதே காரணம் என்று எழுதினார். மில் சொன்னதே சரி என்பது என் எண்ணம். கூலியை முடிவுசெய்வது படும் பாடு அன்று. அந்த இடத்துக்கு எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள் என்பதே.

இதற்கும் மேலே ஒன்று உண்டு: குறைந்த கூலியே அந்த வேலையை மேலும் கடினமாக்குகிறது. பிரிட்டனில் சிமென்ட் பெரும்பாலும் 25 கிலோ மூட்டையாக விற்கப்படுகிறது. நம் ஊரில் இன்றும் 50 கிலோ. முதுகு மலிவாகக் கிடைக்கும் இடத்தில் மூட்டையைச் சிறிதாக்கவோ, கல் ஏற்ற ஒரு சிறு லிஃப்டை வாடகைக்கு எடுக்கவோ யாருக்கும் தோன்றுவதில்லை.

கொத்தனாரின் திறமைக்குக் கூடுதல் கூலி தருவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கையாளாக வரும் இளைஞன் சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துவிடுகிறான். அவனுக்கு முன்பிருந்தே சுமந்து வரும் பெண் பெரும்பாலும் சித்தாளாகவே நின்றுவிடுகிறாள். இது திறமைக் குறைவால் நேர்வதில்லை, அவளுக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

உங்கள் வீட்டு வேலையில் முதலாளி நீங்கள்தான். கீழ்த்தளக் கழிப்பறையை அவர்களுக்குத் திறந்துவிடுங்கள். சித்தாளுக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். 1994-இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அந்தப் பெண்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். பதிவு இல்லாவிட்டால் அறுபது வயதுக்குப் பிறகு வாரியத்தின் ஓய்வூதியம் இல்லை.