தொலைந்துபோன 14 எழுத்துகள்

வணக்கம் ஐயா,

சிவப்பரிசி பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம். வெள்ளவத்தைக் கடையில் பச்சைப்பெருமாள் வாங்கித்தான் சமைக்கிறேன், விலைதான் கட்டுபடியாகவில்லை. இப்போது நிற அரிசிகளையும் மரபணு வழியில் மேம்படுத்துகிறார்களாம். பாட்டன் பூட்டன் காத்துத் தந்த நெல்லில் ஏன் கை வைக்க வேண்டும்? இருக்கிற சத்தும் போய்விடாதா?

ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவுக்காகப் பார்த்துப் பார்த்துச் சமைப்பவருக்கு இந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் கை வைத்தது இன்று நேற்றல்ல.

அரிசிக்கு ஆதி நிறம் சிவப்பு. காட்டு நெல்லை உமி நீக்கிப் பார்த்தால் சிவப்பாகத்தான் இருக்கும். ஏழாவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உள்ள ஆர்.சி. என்ற மரபணுதான் அரிசியின் மேல்தோலில் அந்தச் சிவப்பு படியக் காரணம். மரபணு என்பது டி.என்.ஏ. எழுத்துகளால் ஆன ஒரு வரி மாதிரி. எந்தக் காலத்திலோ ஒரு பயிரில் அதன் 14 எழுத்துகள் தொலைந்தன, நிறமும் போயிற்று. அந்த வெள்ளை நிறம் மக்களுக்குப் பிடித்துப்போக, அதையே பொறுக்கிப் பொறுக்கி விதைத்தார்கள். இன்றைய வெள்ளையரிசி வகைகளில் மிகப் பெரும்பாலானவை சுமப்பது அந்த ஒரே இழப்பைத்தான். ஆய்வாளர்கள் இதைக் கண்டு எழுதியது 2006இல். ஆக, குறைபட்டு நிற்பது வெள்ளை. உங்கள் பச்சைப்பெருமாள் முழுமையாக இருக்கிறது.

பிறகு அதை ஏன் தொட வேண்டும்? நீங்கள் சொன்ன விலைக்காகத்தான். பாரம்பரிய நெல் பெரும்பாலும் உயர்ந்து வளர்ந்து, உரம் கொஞ்சம் கூடினாலே சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு. அதன் நிறத்தையும் சத்தையும் குட்டையான, நிறைய விளையும் பயிருக்குக் கொண்டுபோவதுதான் வேலை. நம் நாட்டுக்கு இது புதிதல்ல. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் முருங்கைக்காயன் 302 என்ற நம் நெல்லையும் இந்தோனேசியாவின் மாஸ் நெல்லையும் சேர்த்து 1958இல் வெளியிட்ட எச்-4 சிவப்பரிசிதான். இன்று கிழக்கில் விளையும் ஏ.ரி. 362உம் சிவப்புத்தான். இவையெல்லாம் சாதாரண இனக்கலப்பில் வந்தவை.

இதில் மரபணு அறிவு எங்கே உதவுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அரிசியின் மேல்தோல் தாயின் உடம்பு; உள்ளே இருக்கும் கருவும் மாவும்தான் பிள்ளை. வெள்ளைத் தாயில் சிவப்புத் தந்தையின் மகரந்தத்தைச் சேர்த்தால் விளையும் மணி வெள்ளையாகவே இருக்கும். அதை விதைத்து, அந்தப் பயிர் கதிர் தள்ளிய பிறகே சிவப்பு வந்ததா என்று தெரியும். இன்றோ நாற்றின் இலையில் ஒரு துண்டைக் கிள்ளி, அந்த 14 எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். வேண்டிய நாற்றை மட்டும் நட்டால் போதும். ஒரு போகம் மிச்சம். இதில் வேற்று உயிரின் மரபணு எதுவும் நுழைவதில்லை. நெல்லுக்கும் நெல்லுக்கும்தான் சம்பந்தம்.

அம்மாவின் சீனி பற்றி ஒன்று. நிறத்தைப் பார்த்துச் சீனி குறையும் என்று நம்பிவிடாதீர்கள். சிவப்பில் உள்ள சத்து தோலோடு இருப்பது. சோறு எவ்வளவு வேகமாகச் சீனியாகிறது என்பதில் பெரிய பங்கு உள்ளே இருக்கும் மாவுக்கு, குறிப்பாக அதில் உள்ள அமைலோசு என்ற மாவு வகைக்கு. அதை ஆள்வது ஆறாவது நிறமூர்த்தத்தில் இருக்கும் வேறொரு மரபணு. நிறமும் வேண்டும், மெல்லச் செரிக்கும் மாவும் வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே நெல்லில் சேர்க்க வேண்டும். மரபணு வழியை நான் ஆதரிப்பது இதற்காகவே. அதுவரை சிவப்பரிசிச் சோறானாலும் அளந்து போடுங்கள்.

என் பயமெல்லாம் மில்லைப் பற்றித்தான். எத்தனை ஆண்டு பாடுபட்டுச் சேர்த்த சிவப்பும் தீட்டும் இயந்திரத்தில் சில நிமிடங்களில் தவிட்டோடு போய்விடும். போன மாதம் நான் வாங்கிய 'சிவப்பு' அரிசியை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தேன். மணிக்கு மணி வெள்ளை உடம்பில் இரண்டு மூன்று சிவப்புக் கோடு, அவ்வளவுதான். அதற்குச் சிவப்பரிசி விலை கொடுத்திருந்தேன். கடைக்காரரிடம் தீட்டாதது கேட்டதற்கு, "வண்டு விழுந்துவிடும் ஐயா, யாரும் வாங்குவதில்லை" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். கொஞ்சமாக வாங்கி, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுவதுதான் வழி.

அடுத்த முறை பச்சைப்பெருமாள் வாங்கும்போது ஒரு பிடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். முழுச் சிவப்பா, கோடு மட்டுமா என்று எனக்கும் எழுதுங்கள்.