கணினி கேள்வி-பதில்: பழைய டெஸ்க்டாப்பில் ஐ7 பொருந்துமா? வீடியோ மெமரி கூடுமா?

கேள்வி: வீட்டு டெஸ்க்டாப்பில் பென்டியம் ஜி620 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க் இருக்கின்றன. சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவில் பழைய ஐ7-3770 ப்ராசஸர் கிடைக்கிறது. ‘அப்படியே மாட்டிக்கலாம்’ என்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: இரண்டுக்கும் சாக்கெட் (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) ஒன்றுதான், எல்ஜிஏ 1155. ஆகவே 3770 சாக்கெட்டில் உட்காரும். கம்ப்யூட்டர் ஆன் ஆகுமா என்பது பயாஸை, அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளைப் பொறுத்தது. ஜி620 என்பது 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை. 3770 அடுத்த ஆண்டு வந்த மூன்றாம் தலைமுறை. அதற்கு முன்பே விற்பனைக்கு வந்த எச்61 போர்டுகளின் பயாஸுக்கு 3770 என்றால் என்னவென்றே தெரியாது. ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. இதைப் பார்த்துவிட்டு நல்ல ப்ராசஸரைப் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய.

முதலில் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ‘மெயின்போர்டு’ பக்கத்தில் போர்டின் மாடல், ரிவிஷன், பயாஸ் பதிப்பு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கு எந்தெந்த ப்ராசஸர், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்ற பட்டியல் இருக்கும். ரிவிஷன் மாறினால் பட்டியலும் மாறும். பயாஸ் அப்டேட்டை ஜி620 போர்டில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். புதியதை மாட்டிவிட்டால் திரையே வராது, பிறகு எதைக் கொண்டு அப்டேட் செய்வது? நடுவில் மின்சாரம் போனால் போர்டே செத்துவிடும். யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

பட்டியலில் 3770 இல்லையென்றால் ஐ7-2600ஐப் பாருங்கள். 3770 போலவே அதுவும் 4 கோர் (வேலை செய்யும் பகுதிகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைகள்). இரண்டாம் தலைமுறை என்பதால் பெரும்பாலான எச்61 போர்டுகள் ஏற்கும். ஆனால் வெளிவிடும் வெப்பம் 3770க்கு 77 வாட், இதற்கு 95 வாட். ஜி620உடன் வந்த சிறிய கூலர் இவை இரண்டுக்குமே போதாது. நடுவில் செம்பு உருளை உள்ள உயரமான கூலரைச் சேர்த்தே கேளுங்கள். விலை குறைவு என்று சியான் இ3-1230 வி2 என்ற சர்வர் ப்ராசஸரைக் காட்டுவார்கள். நல்ல ப்ராசஸர்தான், ஆனால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் மானிட்டரில் படமே வராது.

மாட்டும்போது கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, சாக்கெட். இந்த வகையில் பின்கள் ப்ராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. விரலோ துணியோ பட்டு ஒரு பின் வளைந்தாலும் போர்டு போச்சு. ப்ராசஸரின் மூலையிலுள்ள முக்கோணத்தையும் பக்கவாட்டு வெட்டுகளையும் சாக்கெட்டோடு பொருத்தி, அழுத்தாமல் மேலே வைத்தாலே போதும். இரண்டாவது, கூலரின் நான்கு புஷ்-பின்கள். கழற்றும்போது தலையை அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுக்க வேண்டும். திரும்ப மாட்டுமுன் நான்கையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலைகளாக ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள். போர்டின் அடிப்பக்கம் பார்த்தால் நான்கு வெள்ளைக் கால்களும் விரிந்து, நடுவில் கறுப்பு முனை தெரிய வேண்டும். ஒரு கால் ஏறாமல் போனாலும் வேலை கொடுத்த சில நிமிடங்களில் சூடு 90 டிகிரியைத் தாண்டும், ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதியது நடுவில் வையுங்கள்.

இத்தனைக்கும் முன், உங்கள் பணத்தில் முதல் பங்கு எஸ்எஸ்டிக்கு, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சிப் வகை டிஸ்க்குக்குப் போக வேண்டும் என்பதே என் கருத்து. ஹார்ட் டிஸ்க்கை அப்படியே வைத்துக்கொண்டு ஐ7 போட்டால் விண்டோஸ் திறக்கும் நேரம் அதிகம் குறையாது. எச்61இல் சாட்டா (டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் பாதை) வேகம் வினாடிக்கு 3 ஜிகாபிட்தான். அந்த வேகத்திலும் எஸ்எஸ்டி போட்டால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

கேள்வி: டிஸ்ப்ளே விவரத்தில் வீடியோ மெமரி 64 எம்பி என்று காட்டுகிறது. போட்டோ எடிட்டிங் மென்பொருள் ‘போதாது’ என்கிறது. வீடியோ மெமரியை மட்டும் 2 ஜிபி கூட்ட முடியுமா?
- வாசகர், வில்லிவாக்கம்

பதில்: முடியாது. தனி கார்டில் மெமரி சிப்கள் கார்டோடு பற்றவைக்கப்பட்டவை. தனி கார்டு இல்லாமல் வரும் ஆன்போர்டு கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரியே இல்லை, ராமிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் 64 எம்பி, பயாஸ் முன்கூட்டி ஒதுக்கி வைத்தது மட்டுமே. தேவைப்படும்போது டிரைவர் இன்னும் எடுத்துக்கொள்ளும். சில பயாஸ்களில் ‘டிவிஎம்டி’ என்ற இடத்தில் 128 அல்லது 256 என்று மாற்றலாம். அளவைப் பார்த்துவிட்டுத் திறக்க மறுக்கும் மென்பொருளுக்கு அது உதவலாம், வேகம் கூடாது. வேகம் வேண்டுமென்றால் ஒரே ராம் இருக்கும் போர்டில் அதே அளவு, அதே வேகமுள்ள இன்னொன்றைப் போடுங்கள். டிடிஆர்3-1333 ராமில் வினாடிக்கு 10.6 ஜிபியாக இருந்த பாதை, இரண்டு ராமும் சேர்ந்து வேலை செய்யும் டூயல் சேனலில் 21.3 ஆகும். ஆன்போர்டு கிராஃபிக்ஸ் இதைத்தான் நம்பியிருக்கிறது. விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. 64 பிட்டுக்கு மாறிய பிறகு வாங்குங்கள்.

தனி கார்டு வாங்கினால் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட ஜிபி எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 64 பிட் டிடிஆர்3 வகை ஜிடி 730 கார்டு 4 ஜிபி என்றாலும் வினாடிக்கு 14.4 ஜிபிதான் நகர்த்தும். 2 ஜிபி ஜிடி 1030இன் ஜிடிடிஆர்5 வகை 48 ஜிபி நகர்த்தும். அதே ஜிடி 1030 பெயரில் டிடிஆர்4 வகையும் இருக்கிறது, அது 16.8 மட்டுமே. பெயர் ஒன்று, பொருள் வேறு. பெட்டியின் பக்கவாட்டில் மெமரி வகையைப் படித்தபிறகே பணம் கொடுங்கள். வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு 1030இல் என்கோடர் (முடித்த வீடியோவை வேகமாகச் சுருக்கிச் சேமிக்க உதவும் பகுதி) இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் 1050 டிஐ என்று தருபவற்றில், பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதிய போலிகள் உண்டு. கடையிலேயே மாட்டச் சொல்லி, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டுங்கள். போலியாக இருந்தால் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று காட்டும்.

கேள்வி: ஜி41 போர்டு, கோர் 2 டுவோ. கோர் 2 குவாட் போட்டால் தேறுமா?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: ப்ராசஸருக்குச் செலவு செய்யாதீர்கள். எஸ்எஸ்டி போட்டு, லேசான லினக்ஸ் ஏற்றினால் டைப்பிங்குக்கும் பிரவுசருக்கும் ஓடும். டிடிஆர்3 ஜி41 என்றால் 4 ஜிபி ராம் வாங்கும்போது இருபுறமும் சேர்த்து 16 சிப் உள்ளதாகக் கேளுங்கள். 8 சிப் உள்ள 4 ஜிபியை இந்தச் சிப்செட் ஏற்காது.

கேள்வி: புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டதும் கேம் திறந்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. கார்டு கெட்டதா?
- வாசகர், தாம்பரம்

பதில்: முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியைச் சந்தேகியுங்கள். மேலே ‘450 வாட்’ என்ற ஸ்டிக்கர் இருந்தாலும் பக்கத்து அட்டவணையில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12 ஆம்பியர் என்றால் அந்த வரிசையில் கிடைப்பது 144 வாட்தான். ப்ராசஸரும் கார்டும் அதையே பங்கிட வேண்டும். போர்டில் தான் மாட்டியிருக்கும் ஸ்லாட் வழியாகக் கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டிய கார்டில் 6 பின் சாக்கெட் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் பழைய 4 பின் மோலெக்ஸ் வயரில் கன்வெர்ட்டர் மாட்டி அதை ஒப்பேற்றினால் மெல்லிய வயர் சூடேறி பிளக் உருகும். 6 பின் வயர் நேரடியாக வரும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸாக மாற்றிவிட்டுப் பாருங்கள். அதன்பிறகும் அணைந்தால் கார்டை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுச் சோதிக்கலாம்.