கரணை எங்கிருந்து வந்தது? பயிர்ப் பாதுகாப்புக் கேள்வி-பதில்

கேள்வி: தென்னை ஓலையின் அடிப்புறத்தில் வெள்ளையாகச் சுருள் சுருளாகப் படிந்திருக்கிறது, கீழ் ஓலைகள் கறுத்துவிட்டன. எந்த மருந்தை அடிக்கலாம்? (ஆனைமலை)

பதில்: எதையும் அடிக்க வேண்டாம். 2016இல் உங்கள் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈதான் இது. பூச்சிக்கொல்லி தெளித்தால், அதைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவியும் மடிந்துவிடும். ஏக்கருக்குப் பத்து மஞ்சள் ஒட்டும் பொறிகளைக் கட்டி, ஓலையின் அடியில் தண்ணீரை விசையாகப் பீய்ச்சுங்கள். கறுத்த ஓலைகளுக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சித் தெளித்தால், அது காய்ந்து உதிரும்போது, ஓலையைக் கறுப்பாக்கிய கரும்பூசணமும் உடன் உதிரும்.

கேள்வி: உறவினர் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறார். அங்குள்ள நல்ல மரவள்ளி இரகத்தில் நான்கே நான்கு கரணைகளை (நடுவதற்கான தண்டுத் துண்டுகளை) பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா? (ஆத்தூர்)

பதில்: கூடவே கூடாது. 'நான்கே நான்கு' என்ற இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. மரவள்ளி மாவுப்பூச்சியில் அத்தனையும் பெண். ஆண் துணையின்றியே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆகவே கணுவிடுக்கில் ஒட்டியிருக்கும் ஒன்றே ஒன்று ஒரு மாவட்டத்துக்குப் போதும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி, 1970களில் ஆப்பிரிக்காவில் புகுந்து அங்குள்ள ஏழைகளின் உணவையே பறித்தது; 2008இல் தாய்லாந்திலும் 2020இல் திருச்சூரிலும் தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல், தருமபுரி வயல்களிலும் குருத்துகளைச் சுருட்டியது. அதை அடக்க அனகைரஸ் லோபசி என்னும் ஒட்டுண்ணிக் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் தனிமைப்படுத்திச் சோதித்து, 2022இல் உங்களுக்குப் பக்கத்து ஏத்தாப்பூரில்தான் வெளியிட்டார்கள். அந்த விழாவுக்கு நீங்களே போயிருந்தாலும் வியப்பில்லை! பூச்சியைத் தின்னும் பூச்சியையே இத்தனை சோதனைக்குப் பிறகுதான் நாட்டுக்குள் விடுகிறார்கள். நீங்களோ கரணையைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவரப் பார்க்கிறீர்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, நடவுப் பொருளுக்கு முன்னதாகவே இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் பயிர் நலச் சான்றிதழும் வேண்டும். வந்த பிறகும் தனியிடத்தில் வளர்த்துக் கண்காணிக்க வேண்டும். உள்ளூரில் வாங்கினாலும், கரணை எந்த வயலில் வெட்டியது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: உதகையிலிருந்து விதை உருளைக்கிழங்கு வாங்கிவந்து ஓசூரில் நடலாமா?

பதில்: வேண்டாம். உருளையின் வேரைத் தாக்கும், 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழுவை வெளியே பரப்பாமல் இருக்கத்தான், அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியேறத் தடை போட்டார்கள். ஊசிமுனை அளவுள்ள ஒரு கூட்டில் நானூறு ஐந்நூறு முட்டைகள் இருக்கும்; உருளையே நடாவிட்டாலும் அவை மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். மீண்டும் சொல்கிறேன்: விதை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்; மண் ஒட்டிய எதையும் ஊர் மாற்றாதீர்கள்.

கேள்வி: மக்காச்சோளத்தில் இருப்பது படைப்புழுதான் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: தலையில் தலைகீழான ஒய் எழுத்தும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அதுவேதான்.

கேள்வி: முடிக்கொத்து நோய் வந்த வாழையின் பக்கக்கன்றைப் பிரித்து நடலாமா?

பதில்: கன்றிலும் அதே நச்சுயிரி இருக்கும். முதலில் அதைப் பரப்பும் அசுவினிப் பூச்சியைக் கொன்று, பிறகு குத்தோடு தோண்டி அழியுங்கள்.

கேள்வி: இலை சுருள்கிறது. மருந்து சொல்லவும்.

பதில்: எந்தப் பயிரின் இலை? பயிர், வயது, ஊர், விதையோ கன்றோ வாங்கிய இடம் ஆகிய நான்கையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.