கொலிஜ் என்றால் எந்தக் கொலிஜ்?

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். வெள்ளவத்தையிலிருந்து லண்டன் ஹெய்ஸுக்கு வந்து மூன்று மாதம். கணவருக்கு வேலை விசா, நீங்களும் மகனும் அவரோடு சேர்ந்து வந்தவர்கள். மகனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. கொழும்பில் தமிழ் மொழிமூலம் ஓ.எல். எழுதி ஆறு ஏ, இரண்டு பி, ஒரு சி எடுத்தவன். அந்த சி ஆங்கிலத்துக்கு. பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சிக்ஸ்த் ஃபோமில் (பதினாறுக்குப் பிறகு படிக்கிற மேல்வகுப்பு) சேர்த்து ஏ லெவல் படிப்பிப்பதா, அவன் கேட்கிறபடி கொலிஜுக்குப் போய் எலக்ட்ரிக்கல் படிக்க விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "ஆறு ஏ எடுத்த பிள்ளையைத் தொழில் படிக்க விட்டால் ஊரில் என்ன கதைப்பார்கள்?" அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

இதை நான் லண்டன் ஹரோ வீட்டிலிருந்து எழுதவில்லை. அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன், மூன்று கிழமையாக வெள்ளவத்தையில்தான் நிற்கிறேன். நீங்கள் பயப்படுகிற அந்த ஊரின் நடுவிலே இருந்துதான் பதில் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிய ஆறு மணிக்கே கீழ்வீட்டுப் பிள்ளை ரியூசனுக்கு வெளிக்கிடுகிறது. ஞாயிற்றுக்கிழமையும்தான்.

நேற்று ஏ.சி. திருத்த ஒரு தம்பி வந்தார். இருபத்துநாலு, இருபத்தைந்து வயதிருக்கும். ஏணியில் ஏறி, மூடியைக் கழற்றி, கேஜ் பூட்டிப் பார்த்துவிட்டு, காஸ் குறைவில்லை, கொயிலில்தான் அழுக்கு என்றார். வேறு யாரும் என்றால் காஸ் அடித்துவிட்டுக் காசு வாங்கியிருப்பார்கள். அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு, "தம்பி என்ன படிச்சனீங்கள்?" என்று கேட்டார். "என்.வி.கியூ. நாலு முடிச்சிருக்கிறன் அம்மா." என்.வி.கியூ. என்றால் தொழில் தகுதிச் சான்றிதழ். அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு, "அதுக்கு முதல்?" என்றார். ஏ.எல். பற்றித்தான் கேட்கிறார். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு ஏணியை மடக்கியது.

எங்கள் ஊர்க் கணக்கு இதுதான். மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி 1893இல் தொடங்கியது, இந்த நாட்டில் பொறியியல் படிப்பு வேர்விட்ட இடம். ஆனாலும் என் காலத்தில் "ஏ.எல். சரிவராட்டி ரெக்குக்குப் (ரெக்னிக்கல் கொலிஜுக்கு) போகலாம்" என்ற வாக்கியத்தில்தான் அந்த இடத்தின் பெயரே வரும். கொலிஜ் என்றால் அது வேறு: றோயல் கொலிஜ், பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, பெருமையாகச் சொல்கிற பள்ளிக்கூடம். இங்கிலாந்தில் இது அப்படியே தலைகீழ். அங்கே பெரும்பாலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்தான். பதினாறுக்குப் பிறகு வயரிங், தலைமயிர் வெட்டுவது, கார் திருத்துவது, கணக்கியல், குழந்தை பராமரிப்பு என்று கைத்தொழிலும் படிக்கிற இடத்துக்குத்தான் கொலிஜ் என்று சொல்வார்கள். (சிக்ஸ்த் ஃபோம் கொலிஜ் என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. பதினாறிலிருந்து பதினெட்டு வரை பெரும்பாலும் ஏ லெவல் படிக்கிறவர்களுக்கான இடம் அது. அதையும் இதையும் குழப்பிவிடாதீர்கள்.)

படிப்பை விட்டுவிடுவானோ என்ற பயம் வேண்டாம். இங்கிலாந்தில் 2015 முதல் பதினெட்டு வயது வரை ஏதாவது ஒரு படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தே ஆக வேண்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் அப்படி இல்லை.

இனி என் வீட்டுக் கதை. நாங்கள் 2001இல் லண்டனுக்குப் போனோம். மூத்தவன் அங்கத்தைய ஓ.எல். ஆன ஜி.சி.எஸ்.இ.யில் கெட்டிக்காரன். சிக்ஸ்த் ஃபோம் என்பதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சே இருக்கவில்லை. கணிதம், பௌதிகம், இரசாயனம். அவனிடம் கேட்டோமா என்றால், கேட்டோம். "என்ன, மெட்ஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி தானே?" என்று கேட்டோம். அதைக் கேள்வி என்று சொல்ல முடியாது. பன்னிரண்டாம் ஆண்டு முடிகிற யூன் மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உள்பரீட்சைப் புள்ளி போதாது, பதின்மூன்றுக்கு ஏற்ற முடியாது, வேறு இடம் பாருங்கள். அந்த வருடம் முழுக்க ஒரு ஆசிரியர்கூட எங்களைக் கூப்பிட்டுப் பேசவில்லை என்ற கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். இப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் போதும் உங்களுக்கு. சிக்ஸ்த் ஃபோமில் சேர்த்துவிட்டோம், இனி இரண்டு வருடம் நிம்மதி என்று இருக்கக்கூடாது.

செப்டெம்பரில் பக்கத்துக் கொலிஜில் எலக்ட்ரிக்கல் லெவல் இரண்டில் (ஓ.எல். தரத்துப் படிப்பு) சேர்ந்தான். வெள்ளவத்தைக்கு ஒரு வருடம் சொல்லவில்லை. "ஏ லெவல்தான் படிக்கிறான்" என்று அம்மாவுக்குப் பொய் சொன்னேன். முதல் கிழமை அவன் விரிவுரையாளரை "சேர்" என்று கூப்பிட, வகுப்பே சிரித்ததாம். அங்கே பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

மார்ச்சில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். பெரிய கொட்டகை. பிளைவூட் அடித்து வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், தொலைபேசிக் கூண்டு மாதிரி. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர் மார்க்கரில் எழுதியிருந்தது. எங்கள் அவன் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். சுவரில் மூன்று பிளக் சொக்கெட், ஒரு டி.பி. பெட்டி, அதாவது மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற பெட்டி. "அம்மா, வயர் இந்தப் பெட்டியிலிருந்து வெளிக்கிட்டு, மூன்றையும் சுற்றி, திரும்ப இதே பெட்டிக்கே வருது. நடுவில ஒரு இடத்தில கழன்றாலும் சொக்கெட் வேலை செய்யும். அதுதான் ஆபத்து, கழன்றது ஒருத்தருக்கும் தெரியாது. அதால அளந்து பார்க்கவேணும்." மீற்றரை வைத்து அளந்தும் காட்டினான். இலக்கம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் இரண்டு வருடமாக "ம்", "ஓம்" என்று மட்டும் பேசின பிள்ளை என்னோடு தொடர்ந்து பத்து நிமிடம் கதைத்தது அன்றைக்குத்தான்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். கொலிஜ் டிப்ளோமாவை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே முழு எலக்ட்ரீசியன் ஆக முடியாது. வேலைத்தளத்தில் செய்த வேலையைக் காட்டி லெவல் மூன்று என்.வி.கியூ. முடிக்க வேண்டும், அதற்கு மேல் ஏ.எம்.2 என்ற செய்முறைப் பரீட்சை. இதற்கெல்லாம் வேலைக்கு எடுக்க ஒரு முதலாளி வேண்டும். நாற்பது கொம்பனிக்கு எழுதினான், ஏழு மாதம். கடைசியில் எங்கள் தெருவில் ஒரு கடைக்கு வயரிங் செய்ய வந்த போலந்துக்காரர்தான் அப்ரண்டிஸாக, சம்பளத்தோடு வேலை பழக, எடுத்தார். ஏ.எம்.2 இரண்டாம் தரம்தான் பாஸ். கொலிஜுக்குப் போனால் உடனே வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சின்னவள் சிக்ஸ்த் ஃபோமில் இருந்தாள், விரும்பிப் படித்தாள், கம்பஸ் போனாள். அவளைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இன்னொன்று. பீடெக் என்று ஒரு படிப்பைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். நம்முடைய காதுக்கு அது பி.டெக். பட்டம் மாதிரிக் கேட்கும், ஆனால் பட்டமில்லை, ஏ லெவல் தரத்துத் தொழிற்படிப்பு. மூத்தவன் அதைப் படிப்பதாக அரைகுறையாகக் காதில் விழுந்து, பேரன் பதினேழு வயதில் பி.டெக். படிக்கிறான் என்று அம்மா இந்த ஃபிளாட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவன் பீடெக்கூடப் படிக்கவில்லை. நான் திருத்தவும் இல்லை.

இனி உங்கள் விசா. நீங்கள் கேட்காதது, ஆனால் முக்கியமானது. பதினெட்டு வயதுக்குள் பெற்றோரோடு விசாவில் வந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் கொலிஜும் இலவசம். கம்பஸ் அப்படி இல்லை. அங்கே உள்நாட்டுக் கட்டணம் 2025–26இல் வருடத்துக்கு 9,535 பவுண். நிரந்தர வதிவிடம் இல்லாத பிள்ளையிடம் பொதுவாக வெளிநாட்டுக் கட்டணம் கேட்பார்கள், அது பல இடங்களில் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். படிப்புக் கடனும் கிடைக்காது. வேலை விசாவில் நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்து வருடம் என்று இருந்ததைப் பத்தாக்கும் யோசனையை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு வைத்தது. அப்ப, மகன் பதினெட்டில் ஏ லெவலில் மூன்று ஏ எடுத்தாலும் அந்த வருடமே கம்பஸ் போவது காசைப் பொறுத்தது. கணவரோடு இருந்து இந்தக் கணக்கை இப்போதே பாருங்கள். எத்தனையோ குடும்பம் றிசல்ட் வந்த அன்றைக்குத்தான் பார்க்கிறது.

அப்ரண்டிஸுக்கும் ஒரு முட்டுக்கட்டை: பொதுவாக மூன்று வருடமாவது அந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். பதினாறில் வந்தவனுக்குப் பத்தொன்பது ஆகும். அதுவரைக்கும் கொலிஜில் படிக்க நேரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் மகனுக்கு என்ன செய்வேன் என்றால், லெவல் இரண்டில் விடமாட்டேன். ஆறு ஏ எடுத்தவன் அங்கே சலித்துப்போவான். ரி லெவல் என்று 2020 முதல் ஒன்று வந்திருக்கிறது, என் மூத்தவன் காலத்தில் இருக்கவில்லை. இரண்டு வருடம், மூன்று ஏ லெவலுக்குச் சமம். அதில் குறைந்தது 315 மணித்தியாலம், ஏறக்குறைய நாற்பத்தைந்து நாள், உண்மையான வேலைத்தளத்தில் நிற்க வேண்டும். கட்டட மின்வேலைக்கும் அதில் ஒரு பிரிவு உண்டு. மெரிட் எடுத்தால் கம்பஸ் விண்ணப்பத்துக்கு 120 யூகாஸ் புள்ளி, ஏ லெவலில் மூன்று பி எடுத்தவனுக்கும் அதே 120தான். எல்லாக் கம்பஸும் ஒரே மாதிரி ஏற்காது என்பது வேறு கதை, ஆனால் கதவு மூடவில்லை. அதை முடித்தாலும் முழு எலக்ட்ரீசியன் ஆவதற்கு முதலாளி, ஏ.எம்.2 எல்லாம் இருக்கிறதுதான். அவன் மனதில் மருத்துவம் இருந்தால் மட்டும் நான் சொன்ன ஒன்றையும் கேட்காதீர்கள், நேரே ஏ லெவல். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மருத்துவம் உங்கள் மனதில் இருக்கிறது, அவன் மனதில் இல்லை.

ஆங்கிலம்தான் உண்மையான சிக்கல். தமிழில் ஓ.எல். எழுதியவன் ஏ லெவல் வகுப்பில் உட்கார்ந்தால், விளங்காததைக் கேட்க வெட்கப்பட்டே முதல் தவணை போய்விடும். கொலிஜில் பிற நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு வைப்பது வழமை, சேர்வதற்கு முன்பே கேளுங்கள். ஓ.எல். பெறுபேற்றை ஏற்பார்களா, ஆங்கிலமும் கணிதமும் திரும்ப எழுதச் சொல்வார்களா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். வெளிநாட்டுச் சான்றிதழ் அங்கே எதற்குச் சமம் என்று சொல்கிற யூ.கே. ஈனிக் என்ற நிறுவனத்தின் ஒப்பீட்டுக் கடிதம் கேட்டாலும் கேட்பார்கள். பரீட்சைத் திணைக்களத்து ஆங்கிலச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள். இன்னும் பத்து நாள் கொழும்பில் நிற்பேன், திணைக்களம் இருக்கிற பத்தரமுல்லைக்கு ஒரு நடை போய் என்ன வேண்டும் என்று கேட்டு வருகிறேன்.

ஓப்பின் ஈவ்னிங் என்று இரண்டு இடமும் வைப்பார்கள். இரண்டுக்கும் போங்கள், ஆனால் கேள்விகளை அவன் கேட்கட்டும். கொலிஜில் கிழமைக்கு எத்தனை நாள் வகுப்பு என்பதை மட்டும் நீங்கள் கேளுங்கள். மூன்று, நான்கு நாள்தான் இருக்கும். மிச்ச நாளில் பெற்றோல் ஷெட்டில் வேலைக்கு நின்று காசைக் கண்டுவிட்டால் சில பிள்ளைகள் திரும்பிப் படிப்புப் பக்கம் வருவதில்லை. சேர்ந்த பிறகு சரிவரவில்லையென்றால் முதல் ஆறு கிழமைக்குள் மாறுவது சுகம். ஒக்டோபர் கடந்தால் கஷ்டம்.

ஊருக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள் அல்லவா? லண்டனில் கொலிஜில் படிக்கிறான் என்று சொல்லுங்கள். எந்தக் கொலிஜ் என்று வெள்ளவத்தையில் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.